ஊரெல்லாம் ஆலமரம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி அடைமழை நேரம். செம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார். தாம்பரம் - வேளச்சேரி சாலையில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை வைத்திருந்தவர். கடை ஷட்டரை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. அறுபது வயதுகூட ஆகவில்லை.

நான் ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தில் தமிழ் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தோடு வேலை முடிந்துவிடாது. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் வாழ்த்துமடல் எழுதித் தர வேண்டும். யாராவது ரிட்டயர் ஆனால் எழுதித் தர வேண்டும். யாராவது செத்துப்போனால் பதினாறாம் நாள் பத்திரிகைக்குக் கண்ணீர்க் கவிதை எழுதித் தர வேண்டும். "டீச்சர், நாலே வரி" என்று கேட்பார்கள். ரசம் வைக்க நாலு தக்காளி கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்பார்கள். நானும் கொடுத்துவிடுவேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இதற்கென்று என்னிடம் ஒரு முறை இருந்தது. இறந்தது குடும்பத் தலைவர் என்றால் 'ஆலமரமே சாய்ந்தாயோ'. அது உருவகம், ஆளை மரமாகவே ஆக்கிவிடுவது. வீட்டு அம்மா என்றால் 'குலவிளக்கே அணைந்தாயோ'. கொஞ்சம் உயர்வு நவிற்சி சேர்க்க வேண்டும், அதாவது அளவை மீறிப் புகழ வேண்டும். வள்ளல், இமயம் என்று எதையாவது போட்டால் சரியாக இருக்கும். சாவு மழைக்காலத்தில் வந்துவிட்டால் இன்னும் வசதி. 'உன் பிரிவைத் தாளாமல் வானமும் அழுததே' என்று ஒரு வரி. மழை தன்பாட்டுக்குப் பெய்வதன்மேல் நம் துக்கத்தை ஏற்றிச் சொல்வது, தற்குறிப்பேற்ற அணி. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றும். கண்ணீர்க் கவிதையில் எழுதிக் கொடுத்தால் படிக்காதவர்களுக்கும் உடனே புரிந்துவிடும்.

எதிர்வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் எழுதினேன். அவருடைய தம்பி வந்து கேட்டார். அரை மணி நேரத்தில் கொடுத்தேன். ஆலமரம், வள்ளல், வானத்தின் கண்ணீர் எல்லாம் இருந்தன. மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் இறந்தவரின் மனைவி என் வீட்டுக்கு வந்து நின்றார். கணவனை இழந்த பெண் பதினாறு முடியாமல் இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே வரச் சொன்னேன்.

அவர்கள் செம்பாக்கத்தின் பழைய குடும்பம். எங்களைப்போல மனை வாங்கிக் குடிவந்தவர்கள் இல்லை. நாங்கள் வாங்கிய மனைகளே ஒரு காலத்தில் அவர்கள் நிலம்தான். பல வருடம் எதிரெதிரே இருந்தும், குழம்பு கொடுத்து வாங்கிப் பழகியதைத் தாண்டி நாங்கள் மனம்விட்டுப் பேசியது கிடையாது. அந்தம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் எழுதிய தாளை எடுத்து நீட்டினார்.

"டீச்சர், கோச்சுக்காதீங்க. இது போன வருஷம் அடுத்த தெருவுல மளிகைக் கடைக்காரர் பூட்டாரே, அவருக்குப் போட்ட மாதிரியே கீது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சொன்னது உண்மைதான். பெயரையும் கடையையும்தான் மாற்றியிருந்தேன்.

"அவரும் ஆலமரம், இவரும் ஆலமரம். ஊர்ல செத்தவன் எல்லாம் ஆலமரம்னா இன்னா டீச்சர் அர்த்தம்? இவரு நெழல்ல நான் என்னிக்கு உக்காந்தேன்? வானம் அழுதுச்சுன்னு வேற எழுதிகீறீங்க. ஐப்பசில மழ பெய்யாம இன்னா பண்ணும்? அன்னிக்கு ஷாமியானா கட்றதுக்குள்ள பேஜாரா பூடுச்சு."

கோபம் வந்தது. ஓசியில் எழுதி வாங்கிக்கொண்டு இலக்கிய விமர்சனம் வேறா என்று வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். "சரிம்மா, வேற மாதிரி எழுதித் தரேன். என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனுக்கு அழுவயே வரல டீச்சர்."

கணவர் இறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லையாம். குன்றத்தூரிலிருந்து வந்திருந்த நாத்தனார்கள் இருவரும் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபோதும் இவர் பித்துப்பிடித்தவர்போல உட்கார்ந்திருந்தாராம். 'கல்லு மாதிரி குந்திகீறா பாரு' என்று அவர்கள் காது படவே பேச ஆரம்பித்துவிட்டார்களாம். அது எனக்கும் தெரியும். தெருவில் எனக்கே வேறொருவர் வந்து சொல்லியிருந்தார்.

"அவுங்க சொல்றது போவட்டும். எனுக்கே பயமா கீது. முப்பது வருஷத்துக்கு மேல குப்ப கொட்டியிருக்கேன். நெஞ்சுல ஈரமே இல்லாத ஜென்மமா டீச்சர் நானு?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். அதிர்ச்சியில் சிலருக்கு அப்படி ஆகும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"வர்றவன் போறவன் எல்லாம் சொல்றான். மகராசன், கொடவள்ளலு, வாயத் தொறந்தா தேனுன்னு. இவுங்க யாரப் பத்திப் பேசறாங்கன்னே எனுக்குத் தெர்ல. அந்த ஆள நான் பார்த்ததே இல்ல. பாக்காத ஆளுக்கு எப்படி டீச்சர் அழறது?"

வெளியே மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நான் வேறு வழி தெரியாமல், கட்டுரை எழுத வராத மாணவனிடம் கேட்பதுபோல, "சரி, அவர் எப்படித்தான் இருப்பார்? நீங்க பார்த்த மாதிரி சொல்லுங்க" என்றேன்.

அவர் திட்ட ஆரம்பித்தார். பொதுவாகச் செத்தவரைப் பற்றி யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். போன் பேசினால் தெருமுனை வரை கேட்கும், காது செவிடா என்று கேட்டால் அதற்கும் கத்துவார். ஒரு நாள்கூடத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மனைவி, தம்பி, கடைப் பையன், கடன்காரன் எல்லோருக்கும் ஒரே 'இந்தா'தான். தலை முழுக்க வெளுத்திருக்க, மீசைக்கு மட்டும் மை அடித்துக்கொள்வார். தலையணை உறையெல்லாம் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கும், துவைப்பது யார்? மழை விட்டால் போதும், வேலையைப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய் நிற்பார். கையில் குடை இருக்கும், மறுபடி மழை பிடித்துக்கொண்டாலும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடியே திரும்பி வருவார். எதற்காகப் போனார், என்ன பார்த்தார் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. பூ, பழம், புடவை எது வாங்கி வந்தாலும் கையில் கொடுக்க மாட்டார். டிவி பக்கத்தில் வீசிவிட்டுப் போவார்.

நான் பக்கத்தில் கிடந்த யூனிட் டெஸ்ட் தாளின் பின்பக்கத்தில் இவற்றைக் கிறுக்கிக்கொண்டே வந்தேன். முதலில் அவரைப் பேசவிடுவதற்காகத்தான் எழுதினேன். எழுத எழுத ஒரு விநோதம் நடந்தது. எதிர்வீட்டில் இத்தனை வருடம் நடமாடிய மனிதர் முதல்முறையாக எனக்குத் தெரிந்தார். அந்த மீசையை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அதைக் கவனித்ததே இல்லை.

திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "இன்னொண்ணு" என்றார்.

"சண்ட போட்டா பத்து நாளு, பாஞ்சு நாளு பேச மாட்டாரு. ஆனா சாப்பிட உக்காந்தா நான் எதிர்க்க உக்காரணும். பேசமாட்டாரு, மொகத்தப் பாக்க மாட்டாரு. நான் உக்காந்தாத்தான் சோத்துல கை வெப்பாரு. நடுவுல நான் எதுக்காச்சும் எந்திரிச்சுப் போனா, கைய அப்படியே வெச்சிகினு இருப்பாரு. நான் வந்து உக்கார்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே கேட்டதுபோல இருந்தது. ஆனாலும் அழவில்லை. "நேரமாச்சு டீச்சர்" என்று எழுந்து போய்விட்டார்.

அணி இலக்கணத்தில் தன்மை அணி என்று ஒன்று உண்டு. ஒரு பொருளை உவமை, உருவகம் எதுவும் இல்லாமல், அது எப்படி இருக்கிறதோ அப்படியே, கேட்பவர் கண்முன் நிற்கும்படி சொல்வது. தேர்வில் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், எழுத ஒன்றுமில்லையே. நானும் அதை நடத்தும்போது, 'உள்ளதை உள்ளபடி சொன்னால் அது எப்படி அலங்காரம் ஆகும், முன்னோர் இதை ஏன் அணி என்று சேர்த்தார்கள்' என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். அன்று சாயங்காலம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, என் வாழ்நாளில் நான் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை என்பது தெரிந்தது. அது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. கை தானாக ஆலமரத்துக்கே போனது. அடித்து அடித்துக் கடைசியில் இப்படி வந்தது:

போனை எடுத்தால் தெருமுனைக்குக் கேட்கும்.
இந்தா என்பது எல்லோருக்கும் பெயர்.
மீசைக்கு மட்டும் மை பூசுவார்.
மழை விட்டதும் ஏரிக்கரைக்குப் போவார்,
குடையை இடுக்கிக்கொண்டு நனைந்து வருவார்.
வாங்கி வந்ததைக் கையில் தரமாட்டார்.
பேசாத நாளிலும்
மனைவி எதிரில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவார்.
அவள் எழுந்து போனால்
சோற்றில் கை அப்படியே இருக்கும்,
அவள் திரும்பி வரும்வரை.

முடிவில் அழகாக ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவரிடம் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பார். உதடு அசையப் படித்து முடித்தார். "இத்தப் போடச் சொல்லுங்க" என்றார்.

ஆனால் அவருடைய கொழுந்தனார் ஒப்புக்கொள்ளவில்லை. என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. மீசைக்கு மை அடிச்சாரு, கத்தினாருன்னு பத்திரிகைல போட்டா சொந்தக்காரன்லாம் கைகொட்டிச் சிரிப்பான். அண்ணி ஏதோ மனசு சரியில்லாம சொல்லுது. எங்க அண்ணனுக்குன்னு ஒரு மரியாதை கீதா இல்லியா?"

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அண்ணன் செத்த துக்கத்தில் இருப்பவர் அவர். உள்ளதைச் சொன்னால் அண்ணன் சின்னவராகிவிடுவார் என்று பயந்தார். நான் வாதாடவில்லை. பத்திரிகை ஆலமரத்தோடுதான் வந்தது. வழவழப்பான தாள், ஓரத்தில் இரண்டு குத்துவிளக்கு, நடுவில் அவர் படம். அச்சில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து படத்திறப்பு. தெருவையே அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். படத்தைத் திறந்துவைப்பதாகச் சொன்ன கட்சிப் பிரமுகர் வராததால் ஊர்ப் பெரியவர் ஒருவரே திரையை விலக்கினார். மாலை போட்டார்கள். இரண்டு மூன்று பேர் மைக்கில் வள்ளல், மகராசன் என்று பேசினார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். எழுதியவரே கவிதையைப் படிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

பத்திரிகையைப் பிரித்தேன். "ஆலமரமே" என்று ஆரம்பித்தேன்.

"டீச்சர்."

பெண்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து குரல். அந்தம்மா எழுந்து நின்றிருந்தார். வெறும் நெற்றியோடு அவரை அன்றுதான் பார்க்கிறேன். அவர் கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்து, கையில் சின்னதாக மடித்து வைத்திருந்த தாளை என்னிடம் கொடுத்தார். மடிப்பெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது.

"இத்தப் படிங்க."

கொழுந்தனார் நாற்காலியை விட்டு எழுந்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் நான் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அந்தம்மா எதிரிலேயே நின்றதால் படித்தேன்.

முதல் வரிக்கே பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார். இரண்டாவது வரிக்கு நாலைந்து பேர். "ஆமா, என்னையும் இந்தான்னுதான் கூப்புடுவாரு" என்று ஒருவர் சொன்னது மைக்கிலேயே கேட்டது. மீசைக்குக் கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. கோபமாக எழுந்து நின்ற தம்பியின் முகத்திலேயே லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. காரியம் கெட்டுவிட்டது, ஊரே சிரிக்கும் என்று அவர் சொன்னது பலித்துவிட்டது என்று பயந்துகொண்டே மேலே படித்தேன். ஏரிக்கரைக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கரையில் அவர் நின்றதை அங்கிருந்த எல்லோரும் என்றைக்காவது பார்த்திருப்பார்கள்.

சோற்றில் கை அப்படியே இருக்கும் என்ற இடத்தில் அந்தம்மாவிடமிருந்து இருமல்போல ஏதோ வந்தது. இருமல் என்றுதான் நானும் நினைத்தேன். மேலே படித்து முடிப்பதற்குள் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எந்திரிச்சு வாய்யா... சோறு போட்டுகினு குந்திகீறேன்யா... வந்து உக்காருய்யா..." என்று படத்தைப் பார்த்துக் கத்தினார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சொன்ன நாத்தனார்களில் ஒருவர்தான் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

நான் மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று மனதில் ஒரு திருப்தி. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் அந்தம்மா என்னிடம் பேசவில்லை. வாசலில் பார்த்தால் உள்ளே போய்விடுவார். கொழுந்தனாருக்குக் கோபம் இருப்பது எதிர்பார்த்ததுதான். இவருக்கு என்ன என்று எனக்குப் புரியவில்லை. பொங்கல் கழிந்து ஒருநாள் தாம்பரம் போகும் ஷேர் ஆட்டோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. மிகவும் இளைத்திருந்தார். நானே, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஆரம்பிச்சது டீச்சர், இன்னும் நிக்கல" என்றார் ரோட்டைப் பார்த்தபடி. "தட்டுல சோத்தப் போட்டா எதிர்க்க ஆள் குந்திகீற மாதிரியே கீது. எந்திரிக்கவும் முடியல, சாப்பிடவும் முடியல. ஒண்ணுமே இல்லாம மரத்துப்போய் கெடந்தேன். நீங்கதான் அந்தாள இட்டாந்து வுட்டீங்க."

அதைக் குற்றமாகச் சொன்னாரா, நன்றியாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு, கேம்ப் ரோடில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு நான் எழுதியதுதான் நான் எழுதியதிலேயே சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். கலங்கரை விளக்கம், வற்றாத கடல், உதிராத விண்மீன். அதை வாசித்து நானே எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். அன்று தாம்பரத்திலிருந்து வீடு திரும்பியதும், அவரைப் பற்றியும் உள்ளது உள்ளபடி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கலங்கரை விளக்கம்தான் வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் பின்னால் ஆளைக் காணவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒன்று நினைவுக்கு வந்தது: செய்தித்தாளைப் பிரித்ததும் படிப்பதற்கு முன்னால் ஒருமுறை மோந்து பார்ப்பார். சந்தோஷமாக எழுதினேன். எழுதிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அப்படிச் செய்தது அவரா, என் அப்பாவா?

இப்போதும் யாராவது கண்ணீர்க் கவிதை கேட்டு வந்தால், "அவர் எப்படிச் சாப்பிடுவார்?" என்றுதான் முதலில் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம், என்னிடம் யாராவது அதையே திருப்பிக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்துகொண்டேதான் கேட்கிறேன்.